பத்துக்குப் பதில் நான்கு

2019 ஜூலை 4. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கட்டிய புதிய குழந்தைகள் மருத்துவமனைக்கு நோயாளிகளை மாற்ற ஐந்தே நாள்தான் பாக்கி. அன்று சுகாதார அமைச்சர் ஜீன் ஃப்ரீமன் இடமாற்றத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் காற்று மணிக்கு 10 தடவை மாற வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டு நெறி. திறப்புக்குச் சற்று முன் வெளியாள் வந்து அளந்தபோது, சில அறைகளில் 4 தடவைதான் மாறியது. தேடிப் பார்த்தால், குறை கொத்தனாரிடமோ பொருத்துநரிடமோ இல்லை. எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று பல ஆண்டுகளுக்கு முன் தயாரித்த கணினி அட்டவணையிலேயே அந்த எண் தவறாக இருந்திருக்கிறது. எத்தனையோ பேர் கைமாறிய கோப்பு அது. எழுதியிருந்தபடியே கட்டி முடித்து, 2019 பிப்ரவரியில் சாவியும் கொடுத்துவிட்டார்கள்.

காற்றை இப்படி மாற்றுவது தொற்றைத் தடுக்கத்தான். ஆனால் மருத்துவமனை கட்டும்போது தொற்று என்றால் நமக்குத் தூசுதான் நினைவுக்கு வரும். அதுவும் மெய்தான். சுவரை இடித்தால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் பறக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேறும் குழந்தையின் நுரையீரலுக்கு அது எமன். தடுப்புத் திரை கட்டி, உள்காற்றை வடிகட்டி வெளியேற்றி அதைச் சமாளிக்கலாம். தூசாவது கண்ணில் படும். குழாய்க்குள் நடப்பது படாது. கசிவு பார்க்க நீர் நிரப்பிவிட்டு, திறப்புவிழா வரை மாதக்கணக்கில் ஓடவிடாமல் வைத்தால் உள்ளே கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு குளோரின் ஊற்றினாலும் லேசில் போகாது.

கிளாஸ்கோவில் 2015இல் திறந்த பெரிய மருத்துவமனை வளாகத்தில் நீர் அமைப்பின் அபாயத்தை அந்த ஆண்டே ஓர் ஆய்வறிக்கை சொன்னது. அதன்மீது உரிய நடவடிக்கை இல்லாமல் மூன்று ஆண்டுகள் போயின. 2018 செப்டம்பரில், தொற்றுகளுக்குப் பிறகு, குழந்தைகள் புற்றுநோய் வார்டுகளையே காலி செய்ய நேர்ந்தது. இரண்டு மருத்துவமனைகளையும் சேர்த்து விசாரிக்க ஒரு பொது விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று.

எடின்பரோ மருத்துவமனை முழுமையாக இயங்கத் தொடங்கியது 2021 மார்ச்சில். அதுவரை முழுதாகப் பயன்பாட்டுக்கு வராத அந்தக் கட்டடத்துக்கு மாதம் சுமார் 14 லட்சம் பவுண்டு கட்டணம் போனது. காலிக் கட்டடத்துக்குப் பணமா என்று ஊரே திட்டியது. என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் நியாயமாகச் செலவான பணம் அது ஒன்றுதான்.