பிள்ளைக்குக் காய்ச்சல்: அப்பா கரைக்கு வரும்வரை காத்திருக்கலாமா?



நடுராத்திரி. பிள்ளைக்கு மேலெல்லாம் தீயாய்க் காய்கிறது. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார். “அவிய கரைக்கு வரட்டு, பொறவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்” என்று தாய் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். கடியப்பட்டணம் போன்ற நம் கடலோர ஊர்களில் இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதே. சில காய்ச்சலுக்குக் காத்திருக்கலாம். சில காய்ச்சலுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி?

காய்ச்சல் என்றால் என்ன?

காய்ச்சல் ஒரு நோயல்ல, நோயின் அறிகுறி. உடம்புக்குள் புகுந்த கிருமியோடு உடம்பு போராடும்போது சூடு ஏறுகிறது. கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கையில் 99.5 டிகிரி பாரன்ஹீட் (37.5 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்ளுங்கள். பெரும்பாலும் இது சாதாரண சளிக் காய்ச்சலே. சில நாளில் தானே தணியும்.

டிகிரியை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். 102 டிகிரி அடித்தாலும், சூடு குறைந்ததும் பால் குடித்து, சிரித்து விளையாடினால் அவ்வளவு பயமில்லை. 100 டிகிரிதான், ஆனால் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது என்றால் அதுதான் ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், அடிக்கடி கொடுங்கள். 6 மாதம் தாண்டிய பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி, இளநீர், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஆகியவற்றைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். “காய்ச்சலுக்குப் பட்டினி” என்பது பிள்ளைகளுக்கு ஆகாது.
2. கம்பளி போட்டு மூடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணி போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
3. வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் கூடாது.
4. 101 டிகிரிக்கு மேல் போய் பிள்ளை சிணுங்கினால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது.

இந்த மருந்தில் ஒரு எச்சரிக்கை. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 6 மில்லி. 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லிதான். ஆகவே பாட்டிலைப் படித்து, அதோடு வரும் மூடியால் அளந்து கொடுங்கள். அடுக்களைக் கரண்டி வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இருமல் மருந்தைச் சொந்தமாக வாங்கி ஊற்றாதீர்கள். 2025-ம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா பக்கம், சளி காய்ச்சலுக்காக இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். அந்த மருந்து நம் தமிழ்நாட்டில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு கலந்திருந்தது.

ஜன்னி கண்டால்

6 மாதம் முதல் 5 வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பிள்ளையை ஒருச்சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே 108. சீக்கிரம் நின்றாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் ஏமாறாதீர்கள்

2012-ல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியது. கடையநல்லூர் வட்டாரத்தில் பல உயிர்கள் போயின. டெங்குவில் 3 முதல் 7-ம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். “ஆங், சுகமாயிட்டு” என்று தாய் பெருமூச்சு விடும் அந்த நேரந்தான் ஆபத்தானது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல், ஈறிலோ மூக்கிலோ இரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஓடுங்கள்.

டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் பெருகும். குடத்தை மூடுங்கள். கரையில் கிடக்கும் மீன்பெட்டி, டயர், பழைய வள்ளத்தில் தேங்கும் மழைத்தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டிவிடுங்கள்.

உடனே கொண்டு போக வேண்டியவை

1. 3 மாதம் நிறையாத சிசுவுக்குக் காய்ச்சல்.
2. பால் குடிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி.
3. வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், கழுத்து விறைப்பு.
4. மூச்சு வாங்குதல். ஒரு நிமிடத்தில் 1 வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40 அல்லது அதைவிட அதிக மூச்சு; நெஞ்சு உள்வாங்குதல்.
5. 2 நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல்.

தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை

வலையும் ஐஸும் ஏற்றும்போது இதையும் செய்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் பணம் மனைவி கையில் இருக்கட்டும். ராத்திரியில் துணைக்கு வர யார் என்று பேசி வையுங்கள். கிராம சுகாதார செவிலியரின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். “பிள்ளைக்கு மோசமென்றால் என்னைக் காத்திராதே, கேட்காதே, போய்விடு” என்று வாயாலேயே சொல்லிவிட்டுப் போங்கள். மாமியாரும் அதைக் கேட்கட்டும். வெளிமாநிலக் கடற்கரையில் தொழில் செய்து திரும்பியவருக்குக் குளிர்காய்ச்சல் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மலேரியாவுக்கு இரத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜெபம் செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 108 வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஜெபியுங்கள். கடலுக்குப் போனவர் கரை சேரும்போது, பிள்ளை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும்.