திமிங்கிலத்தைப் பங்கிடும் ஊர்

திமிங்கில வேட்டையை நேரிற் காணவேண்டும் என்னும் ஆவலே என்னை லமலேராவுக்கு இட்டுச் சென்றது. இந்தோனேசியாவின் கிழக்கே, புளோரஸ் தீவுக்கு அப்பால் உள்ள லெம்பாத்தாத் தீவின் தென்கரையில், மலைச்சரிவொன்றில் அமைந்த சிற்றூர் அது. லரன்துக்காவிற் கப்பலேறி லெவோலேபாப் பட்டினத்தில் இறங்கினேன். அங்கிருந்து கரடுமுரடான மலைப்பாதையில் பல மணி நேரம் லொறியிற் குலுங்கியே ஊரை அடைந்தேன்.

முதலிற் கண்ணிற் பட்டவை கரையோரத்து வள்ளக் கொட்டில்கள். இவ்வூர் வேட்டை வள்ளத்துக்குப் பெலெடாங் என்று பெயர். இரும்பாணி ஒன்றேனும் அடியாமல், மரமுளைகளாற் பலகைகளை இணைத்து அதனைக் கட்டுகிறார்கள். நமது தாளிப்பனையின் இனத்தைச் சேர்ந்த கெபாங் மரத்தின் ஓலையே பாயாகிறது. அணியத்துக்கு வெளியே ஒரு மூங்கில் மேடை நீண்டு நிற்கிறது. எறிவேல் வீரனாகிய லமாஃபா நிற்கும் இடம் அதுவே.

வேட்டைக் காலம் மே முதல் ஒக்டோபர் வரை. ஊரார் கத்தோலிக்கர், ஆதலின் பருவத் தொடக்கத்திற் கடற்கரையிலே பூசை நடைபெறும். கடலில் மாண்டோரையும் அப்போது நினைந்து வேண்டுவர். திமிங்கிலம் தென்பட்டதும், “பலேயோ!” என்ற குரல் ஊரெங்கும் எழும். வள்ளம் அருகே சென்றதும் லமாஃபா மேடையினின்றும் பாய்ந்து, தன் உடற்பாரம் முழுவதையும் வேலின்மேற் செலுத்திக் குத்துவான். அவர்கள் தேடுவது பற்களையுடைய பெருந்தலைத் திமிங்கிலத்தை. அதன் ஆண் 16 மீற்றர் வரை வளரும். நீலத் திமிங்கிலத்தை அவர்கள் தீண்டுவதில்லை. தம் முன்னோரை அது காத்ததென்பது அவர்தம் ஐதிகம்.

இது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். 1994ஆம் ஆண்டிற் காயமுற்ற திமிங்கிலம் இழுத்துச் சென்ற வள்ளத்தார் சிலர், நாட்கணக்காய் நடுக்கடலில் அலைந்து, அவ்வழி வந்த கப்பலொன்றினாற் காப்பாற்றப்பட்டனர். நான் தங்கிய வீட்டு அம்மையாரின் கணவரோ அவ்வாறு மீளவில்லை.

ஐந்து நாட்கள் காத்திருந்தேன். வள்ளங்கள் விடியலிற் சென்று வெறுங்கையோடு மீண்டன. ஆயினும் வேட்டையைக் காணாத நான் அதனிலும் பெரிதொன்றை அறிந்தேன்.

முற்றத்து மூங்கிற் கொடியில் முந்திய வேட்டையின் இறைச்சிக் கீற்றுகள் உலர்ந்துகொண்டிருந்தன. “ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் இது எப்படி?” என்று என் வழிகாட்டி மூலம் கேட்டேன். அம்மையார் சிரித்தார். திமிங்கிலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் வழிவழியாக உரியவர் உண்டாம். வள்ளத்தார்க்கு ஒரு பங்கு. வள்ளங் கட்டிய தச்சனுக்கும் வேல் வடித்த கொல்லனுக்கும் ஒவ்வொன்று. நிலத்துக்குரிய தொல்குடியினர்க்கும் உண்டு. பங்கு பெற்றோர் உறவினர்க்கும் விதவையர்க்கும் பகிர்ந்தளிப்பர். மண்ணோ கல்லும் வறட்சியுமானது. எனவே பெண்கள் கருவாட்டைத் தலையிற் சுமந்து சென்று, வுலன்தோனிச் சந்தையில் மலைநாட்டாரின் சோளத்துக்கும் வாழைப்பழத்துக்கும் மாற்றுகின்றனர். அங்கே பணத்துக்கு அதிக வேலையில்லை.

திமிங்கிலத்தைக் கொல்வது தகுமோ என்று வாசகர் வினவலாம். எனக்கும் அவ்வினா எழாமலில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆலைக் கப்பல்களும் வேட்டைத் தொழிற்சாலைகளும் கொன்ற திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 இலட்சம் எனக் கணக்கிட்டுள்ளனர். அதன் பின்னரே, 1982இல், வணிக வேட்டையை நிறுத்தும் தீர்மானம் சர்வதேச ஆணைக்குழுவில் நிறைவேறியது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உணவுக்காக வேட்டையாடும் பழங்குடியினர்க்கு அவ்விதி இடந்தருகிறது. இந்தோனேசியா அவ்வாணைக்குழுவில் உறுப்பு நாடன்று; எனினும் 1999ஆம் ஆண்டின் அரசாங்க விதி திமிங்கிலங்களைப் பாதுகாக்கின்றது. லமலேரா இந்த இரண்டுக்கும் இடையே நிற்கின்றது. இன்று வள்ளங்களில் இயந்திரங்களும் ஏறிவிட்டன; இளைஞர் பலர் கல்விக்கும் தொழிலுக்குமாக வெளியூர் செல்கின்றனர்.

புறப்படும் காலையில் அம்மையார் ஓலையிற் பொதிந்த கருவாட்டுத் துண்டொன்றை என் கையில் வைத்தார். மாற்றாகக் கொடுக்க என்னிடம் சோளமில்லை. “விருந்தினருக்கும் பங்குண்டு” என்றார் அவர். லொறி மலையேறும் வரை, அந்தப் பொதியை மடியில் வைத்தவாறு கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.