மனோதத்துவ 'டாக்டர்' ஆகலாம். பதியாமல் போர்டு மாட்டினால் ஜெயில்!

பகலில் ஆபீஸ், ராத்திரியில் ஆராய்ச்சி! நாற்பது வயதைத் தாண்டிய ஆபீசர்கள், ஆசிரியைகள் பலருக்கும் மனோதத்துவ 'டாக்டர்' பட்டத்தின் மேல் ஒரு கண்.

வேலையை விடாமல் 'பார்ட் டைம்' ஆகப் படிக்க பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022-ம் ஆண்டு விதி இடம் கொடுக்கிறது. எம்.ஏ., எம்.எஸ்சி.யில் பொதுவாக 55 சதவீத மார்க் வேண்டும்.

மானேஜர் கையெழுத்து

முதல் முட்டுக்கட்டை ஆபீசில்தான். படிக்க ஆட்சேபனை இல்லை, ஆராய்ச்சிக்கு நேரம் உண்டு, வகுப்புக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று மேலிடம் எழுதித் தரவேண்டும். ஒருநாள் லீவுக்கே மூஞ்சியைச் சுளிக்கிற மானேஜர் இதில் லேசில் கையெழுத்துப் போடுவாரா?

குறைந்தது 3 வருஷம் ஆகும். 6 வருஷத்தில் முடியாவிட்டால், மறுபதிவு செய்து மேலும் 2 வருஷம். பெண்களுக்கு இன்னும் 2 வருஷம் சலுகை. 'தபாலில் பிஎச்.டி.' என்று எவனாவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள். தபாலிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்த விதியில் இடமே இல்லை.

போர்டு மாட்டலாமா?

பட்டம் வாங்கியாச்சு. கல்லூரி வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் உதவும். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாம். ஆனால் வீட்டு வாசலில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டினால் வம்பு!

அதற்கு ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு கூடிய தனிப்படிப்பு வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் தொழில் நடத்தினால் 1 வருஷம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1992-ம் ஆண்டு சட்டம்.

உங்களுக்கு ஆலோசனை சொல்கிறவர் பெயர் பதிவாகி இருக்கிறதா? கவுன்சிலின் பதிவேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.