அசையும் அடிக்கோடு

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. பின்னர் காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று மேற்கே நீண்ட அந்த இருப்புப்பாதையை நம்பி வளர்ந்த தோல் வர்த்தகம், இன்று சரக்கை அனுப்புவதற்கு முன்பே அதன் வரைபடத்தையும் விலைப்பட்டியலையும் கடல் கடந்த வாங்குவோருக்கு ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறது. அவ்வாறு செல்லும் செய்தி வழியில் தடம் பிறழாமல் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது நம்மில் பெரும்பாலோர் சிந்திக்காத விஷயம்.

கணிப்பொறிகள் பேசும் பாஷையில் ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே குறிகள்தாம் உண்டு. மின்னழுத்தம் ஒரு நடுக்கோட்டுக்கு மேலிருந்தால் ஒன்று, கீழிருந்தால் பூஜ்யம் என்று பெறும் கருவி தீர்மானிக்கிறது. ஆனால் கருவிகளைப் பாதுகாக்கும் பொருட்டுக் கேபிள் இணையும் இடத்தில் வைக்கப்பட்டுள்ள சிறு டிரான்ஸ்பார்மரோ கண்டென்சரோ, மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தை மட்டும் அனுமதித்து, நிலையாக நிற்கும் மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. எனவே ஒன்று என்ற குறியே நெடுநேரம் தொடர்ந்து வருமானால், அதன் உயரம் மெல்லத் தேய்ந்து நடுக்கோட்டை நோக்கிச் சரிய, சமிக்ஞை முழுவதும் இடம் பெயர்ந்து, இறுதியில் ஒன்று பூஜ்யமாக வாசிக்கப்படும் அபாயம் நேருகிறது. இதைப் பொறியாளர்கள் ‘பேஸ்லைன் வாண்டர்’ என்பார்கள். அடிக்கோட்டின் அலைச்சல் என்று நாம் கொள்ளலாம்.

இதே பெயருடைய இதே தொல்லையை, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் தொடங்கிய வேலூர் கிறிஸ்துவ மருத்துவமனை முதல் சிற்றூர் மருத்துவமனை வரை, ஈ.சி.ஜி. எடுக்கும் எவரும் அறிவர். நோயாளி மூச்சு விடும்போதெல்லாம் காகிதத்தில் கோடு ஏறி இறங்குகிறது. மெதுவான அசைவுகளை வடிகட்டிவிட்டால் கோடு நேராகும் என்பது உண்மையே. ஆயினும் இருதயத்தின் ரத்த ஓட்டக் குறைவைக் காட்டும் எஸ்.டி. பகுதியும் மெதுவாகவே மாறுவதாகையால், வடிகட்டி கடுமையானால் மெய்யான நோயின் அடையாளமும் திரிந்துபோகும். படுக்கையருகே வைத்துக் கண்காணிக்கும் கருவியில் விநாடிக்கு அரைச் சுழற்சிக்குக் கீழ்ப்பட்டதை நீக்கலாம். நோய் நிர்ணயம் செய்யும் கருவியிலோ 0.05 சுழற்சிக்குக் கீழ்ப்பட்டதை மட்டுமே நீக்குவது நெடுங்கால வழக்கம். இருதயத்தை இன்ன விதமாகத் துடி என்று யாரும் பணிக்க முடியாது.

செய்தி அனுப்பும் யந்திரத்தையோ பணிக்க முடியும். இங்கேதான் தகவல் தொடர்பு விஞ்ஞானத்தின் சாதுரியம் வெளிப்படுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த விட்மர், ஃபிரனாஸ்ஸெக் என்ற இருவர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, எட்டுக் குறிகள் கொண்ட ஒவ்வொரு தொகுதியும் பத்துக் குறிகளாக மாற்றி அனுப்பப்படுகிறது. பல தொகுதிகளில் ஒன்றும் பூஜ்யமும் சரிபாதி; மற்றவற்றில் ஆறுக்கு நாலு. ஒருமுறை ஒன்றுகள் மிகுந்தால், அடுத்த முறை பூஜ்யங்கள் மிகுந்த மாற்று வடிவத்தை அனுப்பி, தராசுத் தட்டுகளில் மாறி மாறி எடை வைப்பவனைப்போல் கணக்கை நேர் செய்துகொள்கிறது யந்திரம். ஐந்துக்கு மேல் ஒரே குறி தொடரவும் இடமில்லை. செய்தியில் மெதுவான பகுதியே இல்லாதபடி அனுப்புகிறவர் செய்துவிட்டமையால், மெதுவாக அசைவதெல்லாம் பிழையென்று பெறுகிறவர் துணிந்து தள்ளிவிடலாம்.

இம்முறையால் காலப் பிறழ்ச்சியும் கட்டுக்குள் வருகிறது. 1998இல் வகுக்கப்பட்ட ஒளியிழை கிகாபிட் ஈதர்நெட் என்ற கணிப்பொறி இணைப்பு முறையில் விநாடிக்கு 125 கோடிக் குறிகள் செல்கின்றன. அனுப்பும் கருவியிலும் பெறும் கருவியிலும் உள்ள ஒவ்வொரு கடிகாரமும் பத்து லட்சத்துக்கு நூறு வரை முன்பின்னாகலாம் என்பது விதி. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால், ஒரு விநாடியிலேயே இரண்டரை லட்சம் குறிகள் வேறுபாடு விழும். குறிகள் அடிக்கடி மாறுவதால், பெறும் கருவி அம்மாற்றங்களைக் கொண்டே அனுப்புகிறவரின் தாளத்தைக் கண்டறிந்து பின்பற்றுகிறது. எஞ்சும் வேறுபாட்டை, செய்திகளுக்கு இடையே வரும் வெற்றுக் குறிகளைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டுகிறது.

இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு: எட்டை அனுப்பப் பத்து. 2002இல் வந்த பத்து கிகாபிட் ஈதர்நெட், 64 குறிகளை ஒரு கணித விதிப்படி கலைத்து, இரண்டை மட்டும் சேர்த்து அனுப்பி அச்செலவைச் சுருக்கியது.

எனினும் எந்தத் திருத்தமும், வகுத்த எல்லைக்குள் கம்பி இருந்தால்தான் பலிக்கும். தோல் பதனிடும் சாலையிலும் ஷூ கம்பெனியிலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செப்புக் கேபிள் இழுப்பவர்கள், ஈதர்நெட் விதித்த 100 மீட்டரைத் தாண்டலாகாது. அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒளியிழை போடுவதே உசிதம்.