தம்பிக்கு பதினெட்டு... அப்பாவுக்கு டிஸ்மிஸ்!

பதினெட்டு வயசு முடிஞ்சதும் உங்களுக்கு என்ன கிடைச்சது? ஓட்டு, டிரைவிங் லைசென்ஸ், 'இன்னும் என்ன சின்னக் குழந்தையா நீ?'ங்கிற திட்டு... அவ்வளவுதானே! போன வருஷம் என் தம்பிக்கு பதினெட்டு முடிஞ்சது. வீட்டில் கேக் வெட்டினோம். பிரியாணி சாப்பிட்டோம். அன்னிக்கு ராத்திரியோடு எங்க அப்பாவும் அம்மாவும் சட்டப்படி அவனுக்கு கார்டியன் இல்லாமல் போயிட்டாங்க. இந்த விஷயம் எங்க யாருக்குமே தெரியாது!

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். நமக்கெல்லாம் செல்லுக்கு 46 குரோமோசோம் என்றால் அவனுக்கு 47. இருபத்தோராவது ஜோடியில் ஒன்று கூடுதல். 'உனக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்டா' என்று கிண்டல் பண்ணினால் சிரிப்பான். உடனே, எப்பவும் சிரிச்ச முகம், வளர்ந்த குழந்தை, தெய்வப் பிறவி என்றெல்லாம் கற்பனை பண்ணிக்காதீங்க. சாம்பாரில் முருங்கைக்காய் இல்லைன்னா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போற ஆள்! சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே நிற்கும்கிறது அவனுக்கு அத்துப்படி. பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும்தான் வித்தியாசம் தெரியாது.

பாட்டி அவன் பேரில் போட்டு வைத்திருந்த ஃபிக்சட் டெபாசிட் முடிஞ்சதும், அதை எடுக்க அப்பா, நான், தம்பி மூணு பேரும் பேங்குக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பையன் மேஜர் ஆயிட்டான் சார். இனிமே அவர்தான் கையெழுத்து போடணும்." தம்பி சந்தோஷமா பேனாவை வாங்கி, பேப்பர் முழுக்க ஒரு பெரிய வட்டம் போட்டான். அதுதான் அவன் கையெழுத்து.

"இது செல்லாது சார். கார்டியன்ஷிப் சர்டிஃபிகேட் கொண்டு வாங்க."

"நான் அவனோட அப்பா சார்."

"அது தெரியுது சார்... ஆனா ரூல்ஸ்படி பதினெட்டு வரைக்கும்தான் நீங்க கார்டியன்."

அப்பா வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பதினெட்டு வருஷமா அவனுக்கு ஷேவிங் வரைக்கும் பண்ணிவிடுற மனுஷன் அவர்.

தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் 'கோர்ட்டுக்குப் போகணும், ஒரு வருஷமாவது இழுக்கும்' என்று பயமுறுத்தினார். நெட்டில் தேடினால் தலை சுத்தியது. கடைசியில் வழி சொன்னது, தம்பி போகும் பயிற்சி மையத்தின் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்த ஒரு அம்மா. "வர்ற ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்க மீட்டிங்குக்கு வாங்க. பேப்பரெல்லாம் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்."

ஒரு நர்சரி ஸ்கூல் மாடி. எல்.கே.ஜி. பிள்ளைங்க உட்காருகிற குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க இருபது, இருபத்தஞ்சு அப்பா அம்மாக்கள். ஒரு ஃபிளாஸ்க் டீ, ஒரு டப்பா முறுக்கு. ஆட்டிசம், செரிபிரல் பால்ஸி, டவுன் சிண்ட்ரோம் என்று பிள்ளைகள் ஹால் முழுக்க. ஒருத்தன் ஃபேன் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். ஒரு பொண்ணு காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில், ரயிலில், கோயில் க்யூவில் என்று எங்கே போனாலும் எங்க அம்மா முதலில் கவனிப்பது 'யார் நம்மளைப் பார்க்கிறாங்க'ங்கிறதைத்தான். அன்னிக்குத்தான் அம்மா அப்படித் தேடாமல் முறுக்கு சாப்பிட்டதைப் பார்த்தேன்.

தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆன ஒரு ஐயா அங்கே இருந்தார். முப்பத்தஞ்சு வயசுப் பையனுக்கு அப்பா. ஃபைலும் கையுமா எங்க பக்கத்தில் உட்கார்ந்து, எங்க செமஸ்டர் கிளாஸில்கூட நான் கேட்டிராத தெளிவோடு விளக்கினார். அதன் சாராம்சம் இதுதான்.

1999-ல் நாடாளுமன்றம் நேஷனல் டிரஸ்ட் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தது. ஆட்டிசம், செரிபிரல் பால்ஸி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு - இந்த நாலுக்கும் உரிய சட்டம். இது சும்மா வந்ததில்லை. 'எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?' என்று நாடு முழுக்கப் பெற்றோர்கள் வருஷக்கணக்கா டெல்லிக்கு நடையா நடந்ததற்குக் கிடைத்த பலன். அப்படிப்பட்ட பெற்றோர் சங்கங்களெல்லாம் ஒண்ணா சேர்ந்து 1995-ல் ஆரம்பிச்ச கூட்டமைப்புதான் 'பரிவார்'. சென்னையில் 1985-ல் 'வித்யாசாகர்' அமைப்பைத் தொடங்கி, பிற்பாடு நேஷனல் டிரஸ்ட்டுக்கே தலைவராக இருந்த பூனம் நடராஜனும் செரிபிரல் பால்ஸி உள்ள ஒரு மகனின் அம்மாதான்.

இந்தச் சட்டப்படி கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு உள்ளூர்க் குழு இருக்கணும். மாவட்ட ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரி, ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் - குறைஞ்சது இந்த மூணு பேர். அவங்ககிட்ட விண்ணப்பிச்சா விசாரிச்சு கார்டியன் சான்றிதழ் கொடுப்பாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது குழு கூடியே ஆகணும். சான்றிதழ் வாங்கினதோடும் வேலை முடியாது. பிள்ளையோட சொத்துக் கணக்கை ஆறு மாசத்துக்குள் கொடுக்கணும், அப்புறம் வருஷா வருஷம் வரவு செலவு காட்டணும். பெத்த அப்பாவுக்கே இந்தக் கதி! ஆனா ஐயா சொன்னார்: "கோபப்படாதே பாப்பா. பிள்ளை பேர்ல இருக்கிற வீட்டைச் சித்தப்பா வித்துத் தின்ன கதை இந்த ரூம்லயே ரெண்டு இருக்கு."

அவர் ஃபைலிலிருந்து இன்னொரு ஜெராக்ஸும் வந்தது. நேஷனல் டிரஸ்ட் குழு கொடுக்கும் சான்றிதழை வங்கிகள் ஏத்துக்கலாம்னு 2007-லேயே ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கை. 'இதை எப்பவும் கையில வெச்சுக்கோங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லை' என்றார். அந்த மாதிரி பத்துப் பதினஞ்சு ஜெராக்ஸ் எப்பவும் அந்தப் பையில் இருக்குமாம். 'போராட்டம்'னா கொடி, கோஷம் என்றுதான் நான் நினைச்சிருந்தேன்.

மீட்டிங்கில் நான் தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் எழுதினால் எடிட்டர் கத்தரியை எடுப்பார். ஒண்ணு மட்டும் சொல்றேன், யாருக்காவது உதவும். 'நிராமயா'ன்னு ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கு. இந்த நாலு வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி மெடிக்கல் டெஸ்ட் எதுவும் கிடையாது. பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபிக்கும் ஒரு அளவுவரை பணம் கிடைக்கும். எங்க வீட்டில் பல வருஷம் தெரபிக்கு அப்பா கைக்காசுதான் போனது. இது இருக்குன்னு சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம்.

அதைவிட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. அங்கே குடும்பங்கள் ஒருத்தர் பிள்ளையை ஒருத்தர் மாத்தி மாத்திப் பார்த்துக்கிறாங்க. இந்த சனிக்கிழமை உங்க பையன் எங்க வீட்டில். அடுத்த சனிக்கிழமை எங்க பொண்ணு உங்க வீட்டில். "பதினோரு வருஷத்துல முதல் தடவையா நானும் அவரும் ஒரு சினிமாவை இன்டர்வெல் தாண்டியும் பார்த்தோம்" என்று ஒரு அக்கா சொன்னபோது மொத்த ரூமும் கை தட்டியது. படம் எப்படின்னு கேட்டேன். "செம மொக்கை!" என்றார்.

எல்லாமே ஒற்றுமையா நடக்குதுன்னு நினைக்காதீங்க. காரசாரமா ஒரு சண்டையும் பார்த்தேன். ஒரு இளம் அம்மா எழுந்து, "கார்டியன் வாங்கிட்டா பிள்ளைக்கு வாயே இல்லைன்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்டார். இந்தியா 2007-ல் ஏத்துக்கிட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, முடிவெடுக்க உதவி செய்யச் சொல்லுது. அவங்களுக்குப் பதிலா முடிவெடுக்கச் சொல்லலை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அவங்களோடு சேர்ந்து முடிவெடுக்கும் 'வரையறுக்கப்பட்ட கார்டியன்' பற்றித்தான் பேசுது. "அவளுக்குக் கையெழுத்து வராம இருக்கலாம். எந்த டிரெஸ் வேணும், யார் வீட்டுக்குப் போகப் பிடிக்கலைன்னு சொல்லத் தெரியுமே" என்றார் அந்த அம்மா. போஸ்ட் ஆபீஸ் ஐயா, "எல்லாம் சரிம்மா. பேங்க்காரன்கிட்ட இதைச் சொல்லிப் பணம் எடுத்துட்டு வா" என்றார். டீ ஆறிப் போச்சு, சண்டை ஆறலை.

எனக்கு ரெண்டு பேர் சொன்னதும் நியாயமாத்தான் பட்டது. தம்பிக்கு வாக்காளர் அட்டை வந்தாச்சு. கோர்ட் மனநிலை சரியில்லைன்னு அறிவிச்சிருந்தாலொழிய ஓட்டுரிமையைப் பறிக்க முடியாது. நாட்டை யார் ஆளணும்னு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு. பாட்டி போட்ட பணத்தை எடுக்க இல்லை. இதை என்னன்னு சொல்றது?

கலெக்டர் ஆபீஸில் குழு முன்னாடி எங்க முறை வர நாலு மாசம் ஆச்சு. பத்து நிமிஷம்தான். தம்பியிடம் பேர் கேட்டாங்க, சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அவன் மேஜை மேலிருந்த காலிங் பெல்லை ரெண்டு தடவை அடிச்சான். கார்டியன் தேவையா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவைன்னு குழு பார்க்கணும்னு சட்டத்திலேயே இருக்கு. அதைக் கேட்டுக் குறிச்சுக்கிட்டாங்க. சான்றிதழ் வந்தது. மறுபடி பேங்க். அப்பா கையெழுத்துப் போட்டதும் தம்பி முகம் சுருங்கிப்போச்சு. முதல் தடவை பேசிய அதே ஆபீஸர் ஒரு பழைய சலானை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார். வட்டம் போட்டான். அவர் அதில் சீலும் குத்திக் கொடுத்தார். அந்தச் சலான் இப்போ எங்க ஃபிரிட்ஜ் கதவில் இருக்கு.

இன்ஜினீயரிங் மக்களுக்கு ஒரு தகவல். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்கம்' இருக்கு. 1981-ல் இதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் நம்ம மாதிரி ஒரு இன்ஜினீயரிங் மாணவர்தான். கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் தொடங்கிய சங்கத்தின் பணியாளர்கள், வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறாங்க. டேப்லெட்டில் ஒரு ஆப் வழியாக, தூரத்தில் இருக்கும் தெரபிஸ்ட் அதை மேற்பார்வை பார்க்கிறார். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குப் பழைய சி.டி.யைத் தேடுறவங்க கொஞ்சம் யோசிங்க. அப்படியே கேன்டீனில் ஒருத்தரையொருத்தர் 'மெண்டல்'னு கூப்பிடுறதையும் நிறுத்திக்குங்களேன், ப்ளீஸ். நானும் கூப்பிட்டிருக்கேன். வீட்டில் தம்பியை வெச்சுக்கிட்டே.

போன மாச மீட்டிங்கில், கூடப் பிறந்தவங்க மட்டும் மொட்டை மாடிக்குப் போங்கன்னு அனுப்பினாங்க. நாங்க அஞ்சு பேர். ஒரு பாலிடெக்னிக் பையன், ஒரு நர்சிங் அக்கா, பிளஸ் ஒன் படிக்கும் ரெண்டு பேர், நான். முதலில் யாரும் வாயைத் திறக்கலை. அப்புறம் நர்சிங் அக்கா சொன்னார்: "என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட அண்ணனை உள் ரூம்ல உட்கார வெச்சிருந்தாங்க. நானே போய்க் கதவைத் திறந்து விட்டேன். அந்த சம்பந்தம் போச்சு. வருத்தமாவும் இருந்துச்சு, நிம்மதியாவும் இருந்துச்சு." பாலிடெக்னிக் பையன், "எனக்குத் தங்கச்சி மேல சில நேரம் வெறுப்பா வரும்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். யாரும் அவனைத் திட்டலை. எங்க எல்லாருக்கும் அது வந்திருக்கு.

அப்பா கையில் இருக்கிற சான்றிதழ் அப்பா இருக்கிறவரைக்கும்தான். அதுக்கப்புறம் வேற கார்டியனுக்கு மறுபடி விண்ணப்பிக்கணும். அந்த இடத்தில் யார் பேர் வரும்னு எங்க வீட்டில் யாரும் பேசுறதில்லை, எல்லாருக்கும் தெரியும். அம்மா ஒரு தடவை மட்டும், "நீ உன் வாழ்க்கையைப் பாரும்மா" என்றாள், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

காலேஜில் பிளேஸ்மென்ட் ஃபார்ம் கொடுத்திருக்காங்க. 'வெளியூரில் பணிபுரியச் சம்மதமா?' என்ற கட்டம் ஒண்ணு அதில் இருக்கு. மத்ததெல்லாம் நிரப்பிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.