மேல்தட்டுப் பிரயாணிகள்

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் கலந்து விடுகின்றன. அக்காவிரி கடலைக் காணுமிடமோ நமக்கு நெடுந்தூரம். ஆயினும் கப்பலைப் பற்றிப் பேசுதற்குக் கோயமுத்தூருக்கு உள்ள உரிமை எந்தத் துறைமுகத்துக்கும் குறைந்ததன்று. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த சிதம்பரம் பிள்ளையவர்களை, 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரையில் இவ்வூர்ச் சிறையில்தான் அடைத்து வைத்தனர். கப்பலோட்டியவரைச் செக்கு இழுக்கச் செய்தனர். அச்செக்கு இன்றும் கோவையில் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அந்நாளில் அவருக்குத் துணை நின்றவர் நம் ஊர் வக்கீல் சி. கே. சுப்பிரமணிய முதலியார் என்பதை வக்கீல் தொழிலினர் சற்றுப் பெருமையோடு நினைவு கூரலாம்.

சிதம்பரம் பிள்ளை எதிர்த்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை. பி.ஐ. கம்பெனி என்று நம்மவர் சுருக்கிச் சொல்வர். கட்டணத்தைக் குறைத்தும், அதிகாரிகளின் தயவைக் கொண்டும் அது சுதேசிக் கப்பலை ஒழிக்க முயன்றது. 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைந்தது, பி.ஐ. கம்பெனி நிலைத்தது. தமிழ்க் கூலியாள் மலேயாவுக்குச் செல்ல வேண்டுமாயின், அதன் கப்பலிலேயே ஏற வேண்டியவனாயினான். அவன் அங்கே எவ்வாறு உண்டான், எங்கே உறங்கினான் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் பெரிதாக எழுதுவதில்லை. தலைவர்களின் கப்பல் பிரயாணங்களைத்தான் எழுதுகின்றனர்.

அதற்கு முன்னிருந்த ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் கதை இதனினும் கொடிது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 342 பேரோடு நவம்பர் 16-ந் தேதி நேட்டாலிலுள்ள டர்பனைச் சேர்ந்தது. 1911 வரையில் அவ்வழியே நேட்டாலுக்குப் போனவர் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர். அவருள் பெரும்பாலார் சென்னை மாகாணத்தார். கழுத்திலே எண் பொறித்த தகரத் துண்டு; கையிலே ஒரு தகரத் தட்டும் குவளையும். தனி ஆண்கள் ஒரு புறம், குடும்பத்தினர் நடுவில், தனிப் பெண்கள் மற்றொரு புறம் என்று பிரித்துக் கீழ்த்தட்டில் இடம் வைத்தனர். காலையில் தளத்தைக் கழுவுதல், டாக்டரின் பரிசோதனை, இரு வேளைச் சோறு. மாலையில் மேளம் கொட்டவும் பாடவும் அனுமதி. இந்த அனுமதியைக் கருணையென்று எண்ணி விடலாகாது. மனம் சோர்ந்தவன் நோயுறுவான், நோயுற்றவன் இறப்பான், உயிரோடு கரையேறும் தலையொன்றுக்கு இவ்வளவு என்றுதான் கப்பல் டாக்டருக்குச் சன்மானம் கணக்கிட்டனர்! சட்டம் பயின்ற நாம் அக்காலத்துக் குடியேற்றச் சட்டங்களைப் படித்துப் பார்த்தால், ஒருவனுக்கு எத்தனை அடி இடம், எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்பதெல்லாம் நுட்பமாக வகுத்திருப்பதைக் காண்போம். அவன் மறுக்கும் உரிமையை மட்டும் தேடிக் காண வேண்டும்.

மலேயாப் பாதையில் பேர் பெற்ற கப்பல் 'ரஜூலா'. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டி முடித்த இது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய் வந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற இதற்கு அனுமதி இருந்தது. ஐயாயிரம் பேர் என்றால் ஒரு சிற்றூரன்று. ஒரு சந்தைப்பேட்டையே கடலில் மிதந்தது போலாகும். நமது ஜில்லாவினர் ஈரோட்டில் ரயிலேறித் திருச்சி வழியே நாகப்பட்டினம் சேர்வர். அங்கே கப்பல் கரையை அணைந்து நிற்பதில்லை. படகிலே போய், அலையிலே ஆடிக்கொண்டு, ஏணியைப் பற்ற வேண்டும். கிணற்று நீரையன்றிப் பெருநீர் காணாத காங்கயத்தானுக்கு அந்த ஏணி எப்படித் தோன்றியிருக்கும்!

ஏறிய பின் இடம் பிடிக்கும் போராட்டம். விரித்த பாயே வீடு. தகரப் பெட்டியே சுவர். முதலிரண்டு நாள் கடல் மயக்கத்தில் எவரும் தலை தூக்குவதில்லை. கீழ்த்தட்டிலோ புழுக்கமும், எண்ணெய் நாற்றமும், வாந்தி நாற்றமும். மூன்றாம் நாள் பசி எழும். தட்டேந்திச் சோற்றுக்கு வரிசையில் நிற்பர். தண்ணீர்க் குழாயில் சண்டை, பின் சமாதானம், பின் சீட்டாட்டம், கதை, பாட்டு. ஊரிலே எட்ட நின்று பேசியவர்கள் ஒரே பலகையின் மேல் ஒருவர் காலடியில் ஒருவர் தலை வைத்து உறங்கினர். சீர்திருத்தக்காரர் நூறு பிரசங்கத்தில் செய்யாததை இடநெருக்கடி ஒரே வாரத்தில் செய்தது. கரையிறங்கியதும் பழைய வழக்கம் திரும்பியதென்பது வேறு விஷயம். பினாங்கை அடைந்தும் துன்பம் தீராது. கப்பலில் தொற்று நோய் கண்டால், டெக் பிரயாணிகளைத் தனித்தீவிலுள்ள முகாமில் நிறுத்தி வைப்பர். மேல் வகுப்பினர்க்கு அவ்வளவு கண்டிப்பில்லை. கிருமிகளும் டிக்கட்டைப் பார்த்தே ஏறும் போலும்!

1931 ஆகஸ்டில் காந்தியடிகள் 'ராஜ்புதானா' கப்பலில் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றபோது, இரண்டாம் வகுப்பிலேயே பிரயாணம் செய்தார்; தட்டிலே உறங்கினார்; நூல் நூற்றார். உடன் வந்தோர் கொணர்ந்த பெட்டிகளின் எண்ணிக்கையைக் கண்டு கடிந்து, மிகையானவற்றை ஏடனிலிருந்து திருப்பியனுப்பினார். மூட்டை சுமப்பவனுடைய பக்கத்திலிருந்து கப்பலைப் பார்த்தவர் அவர்.

1938-ல் இந்திய சர்க்கார் மலேயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. 'ரஜூலா' பின்னும் ஓடியது. 1973-ல் இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பொரேஷன் கைக்கு வந்தது. சிதம்பரம் பிள்ளை விரும்பிய மாறுதல்தான். ஆனால் கப்பலுக்கு அப்போது வயது 47. அடுத்த ஆண்டே உடைத்து விட்டனர். அவ்விடத்துக்கு வந்த 'சிதம்பரம்' என்னும் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். நெடுநாளைய அப்போக்குவரத்தும் அத்தோடு முடிவுற்றது.

டெக் பிரயாணி மட்டும் முடிந்து போகவில்லை. திருப்பூர்ப் பனியன் ஆலைகளுக்கும் கோவை வார்ப்படச் சாலைகளுக்கும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருவோரை, நமது ரயில் நிலையங்களில் எவரும் காணலாம். முன்பதிவில்லாப் பெட்டியில், கக்கூஸ் வாயிலிலும் நடைபாதையிலும் மூட்டையின் மேல் அமர்ந்து, இரண்டு நாளுக்கு மேலும் பிரயாணம் செய்து வருகின்றனர். அன்று ஆளனுப்பிய கொங்கு நாடு இன்று ஆள் வாங்குகிறது. பினாங்குத் துறையில் நம்மவரை நடத்திய விதத்தைக் குறைகூறும் நாம், திருப்பூர் நிலையத்தில் இறங்குவோரை எவ்வாறு நடத்துகிறோம்? பொதுப் பெட்டிகளை அதிகப்படுத்துமாறு ரயில்வே இலாகாவை வற்புறுத்துவதும், நிலையத்தில் குடிநீரும், குளிக்க இடமும், பெண்களுக்குத் தனித் தங்குமிடமும் அமைப்பதும், அவர்கள் உழைப்பால் வாழும் ஆலை முதலாளிகளும் நகரசபையாரும் உடனே மேற்கொள்ளத்தக்க காரியங்களாம்.