மூடுவதும் ஒரு பொறுப்பே

நம் சிந்தாதிரிப்பேட்டை, 1730-களில் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்க்கென அமைக்கப்பெற்ற குடியிருப்பாகும். ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே இப்பெயராயிற்று என்பர். தறியில் நெய்த துணியை அறுத்தெடுத்தாலன்றி அடுத்த பாவு ஏற இடமில்லை. கணினி நிரலுக்கும் இந்நெறி பொருந்துவதை ஈண்டுக் காண்போம்.

நிரலொன்று தரவுத்தளத்தை அணுகத் தொடர்பு ஒன்றைத் திறக்கின்றது. இத்தொடர்புகளுக்கு எல்லையுண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அது இயல்பாக 100; மைஎஸ்க்யூஎல்லில் 151. பணி முடித்தும் மூடாத தொடர்புகள் பெருகின், புதிதாக வருவோர்க்கு வாயில் அடைபடும். ஆகவே, இடையில் பிழை நேரினும் நேராவிடினும் தவறாது இயங்கும் ‘ஃபைனலி’ பகுதியில் மூடும் கட்டளையை எழுதுதல் முதற்கடமை.

ஆயின் மூடும்போதே பிழை தோன்றினால்? வலையிணைப்பு அறுந்திருக்கலாம், வழங்கி முன்னரே நின்றிருக்கலாம். அப்போது, பணியிடையே எழுந்த முதற்பிழையை, மூடுகையில் எழும் பிழை மறைத்துவிடக்கூடும். நோயின் காரணம் மறைந்தால் மருந்து காண்பது எங்ஙனம்? 2011-இல் வெளியான ஜாவா 7 பதிப்பின் ‘டிரை-வித்-ரிசோர்சஸ்’ என்னும் அமைப்பு, முதற்பிழையையே முதன்மையாக நிறுத்தி, மூடுகையில் எழுந்ததை அதனோடு இணைத்துத் தருகின்றது. முதற்பிழையைக் காப்பது இரண்டாம் கடமை.

மூன்றாவது, மூடுதல் வேறு, பதிவை உறுதிசெய்தல் வேறு என்றுணர்தல். 1985-இல் புதுதில்லியில் தொடங்கிய தொடர்வண்டிக் கணினி முன்பதிவு, 1999-இல் சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களை இணைத்த ஒரே வலையாயிற்று. அத்தகைய முன்பதிவொன்றை எண்ணிப் பார்ப்போம். ‘கமிட்’ என்னும் கட்டளை நிறைவேறியதும் பயணச்சீட்டு உறுதியாகிவிடுகின்றது. அதன்பின் மூடுகையில் பிழை வரின், அதனைக் குறிப்பேட்டில் பதிந்தாலே போதும். ‘முன்பதிவு தோல்வி’ என நிரல் அறிவிக்குமாயின், பயணி மீண்டும் பணம் செலுத்துவார். ஒருவருக்கே இரு சீட்டுகள் சேரும். மாறாக, கமிட்டுக்கு விடை வருமுன்னரே தொடர்பு அறுந்தால், வெற்றியென்றோ தோல்வியென்றோ துணியலாகாது. புதிய தொடர்பைத் திறந்து, பரிமாற்ற எண்ணைக் கொண்டு பதிவு உள்ளதா எனச் சரிபார்த்தபின்னரே அடுத்த அடி வைத்தல் வேண்டும்.

பிழையை விழுங்கிவிட்டு வாளாவிருக்கும் வெற்றுப் பகுதியை மாணவர் பலர் நிரலில் எழுதிவிடுகின்றனர். அப்போதைக்கு நிரல் ஓடும். பின்னாளில் கட்டணம் செலுத்திய ஏழை மாணவர் ஒருவரின் பெயர் பட்டியலில் இராது. காரணம் தேடுவார்க்குக் குறிப்பொன்றும் கிட்டாது.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 58-ஆம் வசனம் பணிக்கின்றது. தரவுத்தளத் தொடர்பும் நிரலின் கையில் சிறிது நேரம் தங்கும் ஓர் அமானிதமே. அதனைத் திருப்பித் தருதலும், தருகையில் நேர்ந்த குறையை மறையாது உரைத்தலும் நிரல் எழுதுவோர் கடனாம்.